வரைபடம் சொல்வதும் வயர் போவதும்

போன வாரம் எங்க செம்பூர் பில்டிங்கில் தண்ணிக் குழாய் உடைஞ்சது. வரைபடம் காட்டிய இடத்தில் வால்வே இல்லை! எப்போதோ யாரோ இடம் மாத்திட்டு, தாளில் குறிக்காம விட்டிருக்காங்க. ஒரு நாள் தண்ணி போச்சு, அவ்வளவுதான்.

இதே கூத்து அணுமின் நிலையத்தில் நடந்தால்? அதைத் தடுக்கும் வேலைக்குத்தான் கான்ஃபிகரேஷன் மேனேஜ்மென்ட் என்று பெயர். வடிவமைப்பு கேட்பது, ஆவணம் சொல்வது, நிலையத்தில் நிஜமாக இருப்பது, மூன்றும் எப்போதும் ஒத்துப்போகணும். அமெரிக்காவின் மில்ஸ்டோனில் இது சரியில்லாததால் 1996-ல் மூன்று உலைகளும் மூடிக் கிடந்தன. சர்வதேச அணுசக்தி முகமை 2003-ல் இதற்கென்றே தனி அறிக்கை போட்டது.

நமக்குப் பாடம் உத்தரப்பிரதேசத்து நரோரா. 1993 மார்ச் 31 விடிகாலையில் டர்பைன் பிளேடு உடைந்து தீப்பிடித்தது. ஒரு மின்வழி போனால் இன்னொன்று கைகொடுக்கணும் என்பது வடிவமைப்பின் நோக்கம். ஆனால் கேபிள்கள் ஒரே பாதையில், தீத்தடுப்பு இல்லாமல் ஓடின. எல்லாம் சேர்ந்து எரிந்து, சுமார் 17 மணி நேரம் மின்சாரமே இல்லை. ஊழியர்கள் டார்ச்சோடு மேலே ஏறி, கையாலேயே போரான் சேர்த்தார்கள். நல்லவேளை, கதிர்வீச்சு வெளியேறவில்லை.

அந்த ஊழியர்களுக்கு ஒரு பெரிய சல்யூட். ஆனா, ஒவ்வொரு சின்ன மாற்றத்தையும் அன்றன்றே வரைபடத்தில் ஏற்றுகிற டிராஃப்ட்ஸ்மேனை யாராவது பாராட்டியிருக்கோமா? நேரம், பணம், ஆள் குறைக்கணும்னா முதலில் கைவைப்பது அந்த வேலையில்தான். என்னைக் கேட்டால், கடைசியாகக் கைவைக்க வேண்டியது அதில்தான்.

இந்திய அணுமின் கழகத்தின் தலைமையகம் எங்க பக்கத்து அணுசக்தி நகரில்தான் இருக்கு. கல்பாக்கம், கூடங்குளம் பக்கத்தில் குடியிருப்பது நம்ம ஜனங்க. நீங்க என்ன நினைக்கிறீங்க?