செத்த பிறகு ஒரு பரீட்சை

விதர்பாவில் ஒரு விவசாயி தற்கொலை செய்துகொண்டால் அத்துடன் அவர் கணக்கு முடிந்துவிடுவதில்லை. செத்த பிறகு அவர் ஒரு பரீட்சையில் தேறியாக வேண்டும். கலெக்டர் தலைமையில் ஒரு கமிட்டி அவருடைய கோப்பைப் பிரிக்கும். நிலம் இருந்ததா? வங்கியிலோ, கூட்டுறவு சங்கத்திலோ, லைசென்ஸ் உள்ள வட்டிக்கடைக்காரரிடமோ கடன் இருந்ததா? அந்தக் கடனைக் கட்டமுடியாமல் போனதுதான் சாவுக்குக் காரணமா? எல்லாவற்றுக்கும் 'ஆம்' என்றால் கோப்பில் 'பாத்ர' என்று எழுதுவார்கள். இல்லையென்றால் 'அபாத்ர'. மராத்தியில் தகுதி உள்ளவர், தகுதி இல்லாதவர் என்று பொருள். பாத்திரம் அறிந்து பிச்சையிடு என்று தமிழில் சொல்கிறோமே, அதே பாத்திரம்தான்.

தேறியவரின் குடும்பத்துக்கு 1 லட்சம் ரூபாய். 2006 ஜனவரியில் மகாராஷ்டிர அரசு வகுத்த விதிப்படி இதில் 30,000 கையில், 70,000 டெபாசிட்டாக. தேறாதவர்கள் யார் என்பதை ஊகிப்பது சிரமமல்ல. குத்தகைக்கு உழுதவர், பக்கத்து ஊர்க்காரரிடம் சீட்டில்லாமல் கைமாற்று வாங்கியவர், காலமெல்லாம் களை பறித்தும் பட்டாவில் பெயர் ஏறாத பெண். விவசாயிகள்தான், ஆனால் கோப்புக்கு அது போதாது.

கமிட்டியைக் குறைசொல்வது சுலபம். உண்மையில், இந்தியாவில் ஒரு தற்கொலைக்குக் கிடைக்கும் ஆகப் பெரிய அரசு ஆய்வு இதுதான். தாசில்தார் வீட்டுக்குப் போகிறார், விவசாய அதிகாரி அறிக்கை தருகிறார், போலீஸ் அறிக்கை வருகிறது, கலெக்டரே உட்கார்ந்து பேசுகிறார். நாட்டில் மற்ற எந்தத் தற்கொலைக்கும் இத்தனை அதிகாரிகள் மேஜையைச் சுற்றி உட்காருவதில்லை. இத்தனை பேர் கூடியும், அவர்கள் தேடுவது நஷ்டஈட்டுக்கான தகுதியை. அந்த மனிதரை எந்த இடத்தில் தடுத்து நிறுத்தியிருக்கலாம் என்ற கேள்விக்குப் படிவத்தில் இடமில்லை.

மற்றவர்களுக்குக் கிடைப்பது போலீஸ் விசாரணை மட்டுமே. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174-வது பிரிவு, 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தின் 194-வது பிரிவு. எண்தான் மாறியிருக்கிறது. ஊர்ப் பெரியவர்கள் இருவரை வைத்துக்கொண்டு இன்ஸ்பெக்டரோ எஸ்.ஐ.யோ உடலைப் பார்த்து அறிக்கை எழுதவேண்டும். சட்டம் அவரிடம் கேட்பது, இதில் யாருடைய கையாவது இருக்கிறதா என்பதை. பெண் திருமணமாகி 7 ஆண்டுக்குள் இறந்திருந்தால் மாஜிஸ்திரேட் அந்தஸ்துள்ள அதிகாரி வருவார், தமிழ்நாட்டில் ஆர்.டி.ஓ. அவர் கேட்பதும் வரதட்சிணைக் கொடுமை உண்டா என்றுதான். குற்றவாளி இல்லையென்றால் கோப்பு முடிந்தது. அதற்கு முன் ஒரு வேலை பாக்கி: காரணம் என்ற கட்டத்தில் ஒன்றைக் குறிக்கவேண்டும்.

அந்தக் கட்டங்கள்தான் மேலே ஏறி, டில்லியில் தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கை ஆகின்றன. 2022-ல் நாட்டில் பதிவான தற்கொலைகள் 1,70,924. அதில் 31.7 சதவீதத்துக்குக் காரணம் 'குடும்பப் பிரச்சினை'. 18.4 சதவீதம் 'நோய்'. நாட்டில் பிரச்சினை இல்லாத குடும்பம் எது என்று ஏட்டய்யாவிடம் கேட்டால் அவரும் சிரிப்பார். இரண்டு கட்டங்களில் பாதி இந்தியாவை அடைத்துவிட்டு எதைத் தடுப்பது?

கட்டம் மாறினால் தேசத்தின் சித்திரமே மாறிவிடும் என்பதற்கும் உதாரணம் உண்டு. 2013-ல் விவசாயிகள் தற்கொலை 11,772. அடுத்த ஆண்டே 5,650. ஒரே வருடத்தில் பாதிக்குமேல் குறைந்ததற்குப் பருவமழை காரணமல்ல. அந்த ஆண்டுதான் காப்பகம் விவசாயத் தொழிலாளர்களுக்குத் தனிப்பத்தி போட்டது. 6,710 பேர் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். 2022 அறிக்கையில் மேற்குவங்கம், பீகார், ஒரிசா மாநிலங்களில் விவசாயத் துறையில் ஒரு தற்கொலைகூட இல்லை என்றிருக்கிறது. நம்ப விரும்புகிறவர்கள் நம்பலாம்.

பதிவாகாத சாவுகளின் கதை தனி. வேலூர் அருகே கணியம்பாடி வட்டாரத்தில் சி.எம்.சி. மருத்துவர்கள் 1994 முதல் 1999 வரை வீடு வீடாக மரணங்களை விசாரித்தபோது, தற்கொலை விகிதம் லட்சத்துக்கு 95 என்று தெரிந்தது. அந்த நாட்களில் அரசுக் கணக்கில் தேசிய சராசரி சுமார் 11. இரண்டுக்கும் நடுவே இருந்தது அவமானமும் போலீஸ் பயமும்.

ஒரு சாவுக்கு ஒரு காரணம் என்ற கணக்கு தவறு என்பது மகாராஷ்டிரத்துக்குத் தெரியாததல்ல. மும்பை உயர்நீதிமன்றத்துக்காக டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் 2005-லும், மாநில அரசுக்காகப் பொருளாதார அறிஞர் ஸ்ரீஜித் மிஸ்ரா 2006-லும் தற்கொலை நடந்த குடும்பங்களோடு உட்கார்ந்து பேசி அறிக்கை தந்தார்கள். மிஸ்ரா ஆராய்ந்த 111 மரணங்களில் ஏறக்குறைய 87 சதவீதத்தில் கடன் இருந்தது. சுமார் 74 சதவீதத்தில் வசதி சரிந்திருந்தது. குடும்பத்தில் மனஸ்தாபம், மகள் அல்லது தங்கை கல்யாணம், குடி, நோய் என்று பட்டியல் நீள்கிறது. கூட்டினால் நூறைப் பலமுறை தாண்டும். ஒவ்வொருவர் தலையிலும் ஒரே சமயத்தில் பல சுமைகள். ஏறக்குறைய நான்கில் ஒருவரிடம் நடத்தையில் மாற்றம் தெரிந்ததாக வீட்டார் சொன்னார்கள். கவனித்திருக்கிறார்கள், யாரிடம் சொல்வதென்று இல்லை.

இந்த அரசு யந்திரத்துக்கு வேறுவிதமாகக் கேட்கத் தெரியாது என்று சொல்லமுடியாது. பிரசவத்தில் இறக்கும் பெண்களுக்கு அது கேட்கிறது. தமிழ்நாடு தொண்ணூறுகளிலேயே தொடங்கிய மகப்பேறு மரண ஆய்வு 2010-ல் நாடு முழுவதற்குமான விதியானது. மரணம் நடந்த வீட்டுக்கு ஆள் போகிறது. ஆஸ்பத்திரிக்குப் போக முடிவெடுப்பதில் தாமதமா, வண்டி கிடைப்பதில் தாமதமா, போய்ச் சேர்ந்த பிறகு சிகிச்சையில் தாமதமா என்று மூன்றையும் கேட்கிறார்கள். பெயர் வெளியே வராது. தண்டிப்பது நோக்கமில்லை என்கிறது வழிகாட்டி நூல். (நடைமுறையில் நர்சுகள் திட்டு வாங்குவதும் உண்டு.) 1997-98-ல் ஒரு லட்சம் பிரசவத்துக்கு 398 ஆக இருந்த தாய் மரணம் 2018-20-ல் 97 ஆனது. ஆஸ்பத்திரிப் பிரசவம், ஆம்புலன்ஸ், ரத்த வங்கி எல்லாவற்றுக்கும் இதில் பங்குண்டு. ஆனால் வண்டி எந்த ஊரில் தாமதம், ரத்தம் எந்த ஆஸ்பத்திரியில் இல்லை என்று காட்டிக்கொடுத்தது அந்த ஆய்வு.

பிரிட்டன் இதையே மனநோயாளிகளின் தற்கொலைக்குச் செய்துபார்த்தது. 1996 முதல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஒரு குழு, இறந்தவருக்குச் சிகிச்சை அளித்த டாக்டருக்கே வினாப்பட்டியல் அனுப்புகிறது. பதில்கள் ரகசியம். ஆயிரக்கணக்கான பதில்களை அடுக்கியபோது ஓர் இடம் துலங்கியது: மனநல வார்டிலிருந்து வீட்டுக்கு அனுப்பப்பட்ட முதல் சில வாரங்கள்தான் மிக ஆபத்தானவை. உடனே விதி வந்தது. வீடு திரும்பியவரை 7 நாளுக்குள் யாராவது பார்க்கவேண்டும். பிறகு அது 72 மணி நேரமாகச் சுருங்கியது. இம்மாதிரிப் பரிந்துரைகளை ஒழுங்காக நிறைவேற்றிய இடங்களில் தற்கொலை குறைந்தது 2012-ல் வெளியான ஆய்வில் உறுதியானது. இலங்கையில் எந்தப் பூச்சிமருந்து அதிகம் உயிரெடுக்கிறது என்று மருத்துவர்கள் கணக்கெடுத்து, அரசு அவற்றை ஒவ்வொன்றாகத் தடைசெய்தது. 1995-க்குப் பிறகு அங்கே தற்கொலை விகிதம் 70 சதவீதத்துக்கும் மேல் இறங்கியது. நம் ஆவணக் காப்பகத்தின் அறிக்கையில் மருந்தின் பெயருக்குப் பத்தி கிடையாது.

விதர்பாவிலேயே நம்பிக்கை தரும் ஒரு முயற்சி நடந்திருக்கிறது. அமராவதி மாவட்டத்தில் 30 கிராமங்களில், உள்ளூர் ஆட்களுக்கே பயிற்சி தந்து, மனச்சோர்வு உள்ளவர்களைத் தேடிப் போகச் செய்தார்கள். ஒன்றரை ஆண்டில், உதவி நாடிய மனச்சோர்வு நோயாளிகள் 4 சதவீதத்திலிருந்து 27 சதவீதமானார்கள். தற்கொலை எண்ணம் வந்ததாகச் சொன்னவர்கள் பாதியானார்கள்.

2022 நவம்பரில் மத்திய அரசு முதல்முறையாகத் தேசியத் தற்கொலைத் தடுப்புத் திட்டத்தை வெளியிட்டது. 2030-க்குள் 10 சதவீதம் குறைக்கவேண்டும் என்பது இலக்கு. அதற்கு ஒரு மாதம் முன்பு தொடங்கிய டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகலாக, தமிழிலும் அழைக்கலாம். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய 309-வது பிரிவு 2024 ஜூலையில் ஒழிந்தது. அரசு ஊழியரை மிரட்டுவதற்காக முயன்றால் மட்டும் வழக்கு. பிழைத்தவர் இனி டாக்டரிடம் 'தவறுதலாக நடந்தது' என்று பொய் சொல்லத் தேவையில்லை. கேட்க ஆள் இருந்தால் பதில் வரக்கூடிய காலம் இது. மாவட்டந்தோறும் கமிட்டியும் கலெக்டரும் ஏற்கெனவே இருக்கிறார்கள். புதிதாக வேண்டியது சில கேள்விகள்: கடைசி மாதத்தில் அவர் எந்த டாக்டரைப் பார்த்தார்? முன்பு முயன்றிருந்தால் ஆஸ்பத்திரி அவரை யாரிடம் ஒப்படைத்தது? கடன் நோட்டீஸ் கொண்டுவந்தவர் என்ன பேசினார்? வீட்டில் யாருக்கு என்ன தெரிந்திருந்தது?

பிரசவ மரண ஆய்வில் இறந்த பெண்ணின் உறவினரைக் கலெக்டர் கூட்டத்துக்கே அழைத்து, நடந்ததைச் சொல்லச் சொல்கிறார்கள். யவத்மாலில் விவசாயியின் மனைவி கலெக்டர் ஆபீசுக்கு வருவது செக் வாங்க. இல்லையென்றால், 'அபாத்ர' என்று எழுதியதை மாற்றச் சொல்லி மனு கொடுக்க.