பெட்டியை மட்டும் பார்த்து வாங்காதீர்கள்!

பெருநாள் நெருங்கிவிட்டால் புறக்கோட்டைக் குறுக்குத் தெருக்களில் கால் வைக்க இடமிருக்காது. கண்டியிலும் கல்முனையிலும் இதே கதைதான். நடைபாதையில் பரப்பிய சாமான்களுக்கு முன்னால் நின்று நீங்களும் கேட்டிருப்பீர்கள்: "நாநா, இது ஒரிஜினலா?" பதிலும் உங்களுக்குத் தெரியும். "ஒரிஜினல்தான் தங்கச்சி. எங்களுக்கு நேரடியா வாறதால விலை குறைவு!"

அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்ல வரவில்லை. மொத்தக் கடையில் வாங்கியதை அவர் விற்கிறார். பல வேளைகளில் உண்மை அவருக்கே தெரியாது. ஆகவே வியாபாரியிடம் கேட்கும் கேள்வியைப் பொருளிடம் கேட்பதே புத்தி.

போலிகள் எல்லாம் ஒரே அளவில் கெடுதி செய்வதில்லை. போலிக் கைப்பையின் வார் இரண்டு மாதத்தில் அறுந்தால் போனது காசு மட்டுமே. ஆனால் தோலில் பூசுவதும் சுவரில் செருகுவதும் அப்படியல்ல. அங்கே போவது உடம்பும் உயிரும்!

முதலில், முகத்தை வெள்ளையாக்கும் கிறீம். கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கையில் இதைத் தேடி ஓடாத வீடு குறைவு. "ஒரு கிழமையில் வெளுத்துவிட்டது" என்று யாராவது புகழ்ந்தால் மகிழாதீர்கள், சந்தேகப்படுங்கள். தோலுக்கு நிறம் தரும் பொருள் உருவாவதைப் பாதரசம் தடுக்கிறது. விரைவாக வெளுப்பதற்கு அது காரணமாக இருக்கலாம். அதே பாதரசம் சிறுநீரகத்தைப் பழுதாக்கும். பூசுபவரோடு தீங்கு நின்றுவிடுவதுமில்லை. அதன் ஆவியாலும், துடைத்த துவாயாலும் மடியில் கிடக்கும் பிள்ளைக்கும் அது போய்ச் சேரும். 2013ஆம் ஆண்டில் உருவான மினமாட்டா உடன்படிக்கை இத்தகைய கிறீம்களைத் தடை செய்ய வழிவகுத்தது. இலங்கையும் அதில் சேர்ந்துள்ளது. அப்படியிருந்தும் அவை உலகச் சந்தையிலிருந்து ஒழிந்தபாடில்லை.

எப்படிக் கண்டுபிடிப்பது? சேர்மானப் பட்டியலே இல்லாத டப்பாவை அப்படியே வைத்துவிடுங்கள். பட்டியலில் கலோமெல், மேர்க்கியூரி, மேர்க்கியூரிக், மேர்க்கியூரஸ் என்ற சொற்களில் ஏதேனும் ஒன்று இருந்தாலும் வேண்டாம். "தங்கம், வெள்ளி நகைகளில் படவிடாதீர்கள்" என்று எழுதியிருந்தால் அது பெரிய அடையாளம். தங்கத்தோடு கலந்து அதைக் கெடுப்பது பாதரசத்தின் குணம். நகைக்கு ஆகாதது முகத்துக்கு ஆகுமா?

அடுத்தது, மூன்று சதுர முனைகள் கொண்ட 13 அம்பியர் பிளக். அதை வாங்குமுன் திருப்பிப் பாருங்கள். கீழே உள்ள இரண்டு சிறிய முனைகளின் அடிப்பகுதியில் கறுப்பு உறை இருக்க வேண்டும். விரல் பட்டாலும் மின்சாரம் தாக்காதிருக்கவே அந்த உறை. ஆனால் மேலேயுள்ள நீண்ட எர்த் முனையில் அது இருக்கக் கூடாது. அந்த முனை முழுவதும் உலோகமாகவோ, சில கைத்தொலைபேசிச் சார்ஜர்களில் உள்ளதுபோல முழுவதும் பிளாஸ்டிக்காகவோ இருக்கும். பாதி உலோகம், பாதி உறை என்றால் அது போலி. உறை மறைப்பதால் எர்த் தொடர்பு கிடைக்காமல் போகலாம். ஸ்திரிக்கைப் பெட்டியில் ஒழுக்கு ஏற்பட்டால் அதைப் பிடித்திருக்கும் கைக்குத்தான் ஆபத்து! வயர் பூட்டும் பிளக்கின் உள்ளே பியூஸ் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பலர் ஏமாறும் இன்னொரு விடயம் கோட்டுக் குறியீடு. "479 என்று தொடங்குகிறது, அப்படியென்றால் இலங்கையில் செய்தது" என்பார்கள். அந்த இலக்கம், கம்பனி எந்த நாட்டில் குறியீட்டைப் பெற்றது என்பதை மட்டுமே காட்டும். பொருள் எங்கே செய்யப்பட்டது என்பதைக் காட்டாது. மேலும், பெட்டியை அச்சடிப்பவனுக்குக் கோடுகளை அச்சடிப்பது பெரிய காரியமா? எழுத்துப் பிழை, மங்கிய அச்சு, அழித்து எழுதிய திகதி, இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் இல்லாமை ஆகியவற்றையே பாருங்கள்.

கடைசியாக, பற்றுச்சீட்டு. "அஞ்சு நூறு ரூபாச் சாமானுக்குச் சீட்டு எதற்கு?" என்று கூச்சப்படாதீர்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் விவகார அதிகார சபைச் சட்டப்படி, நீங்கள் கேட்டால் வியாபாரி அதைக் கொடுத்தே ஆக வேண்டும். சீட்டுத் தர மறுக்கும் கடையில் மருந்து, கிறீம், மின்சாரச் சாமான் எதையும் வாங்காதீர்கள். முறையிட வேண்டுமானால் அச்சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம்.

ஏமாந்தவர் வெட்கப்பட்டு வாய் திறக்காதிருப்பதே போலி வியாபாரத்தின் பெரிய முதல். நீங்கள் ஏமாந்திருந்தால் அந்த டப்பாவை ஒளித்து வைக்காதீர்கள். அடுத்த வீட்டுத் தாத்தாவுக்குக் காட்டுங்கள். அவருடைய மகளின் கல்யாணமும் நெருங்கியிருக்கலாம் அல்லவா?