அர்பத்நாட் துரையின் நாற்காலி

சென்னைப் பல்கலைக்கழகத்தில் துணைவேந்தர் பதவி 2023 ஆகஸ்டில் காலியானது. தேடுதல் குழுவில் யுஜிசி பிரதிநிதி வேண்டுமா வேண்டாமா என்று ராஜ்பவனும் கோட்டையும் மல்லுக்கட்ட, நிர்வாகம் உயர்கல்விச் செயலர் தலைமையிலான ஒருங்கிணைப்புக் குழுவின் கைக்குப் போனது. பல்கலைக்கழகத்தை ஐஏஎஸ் அதிகாரி நடத்துவதா என்று பேராசிரியர்கள் கொதித்தார்கள். நியாயமான கொதிப்பு. ஆனால் அந்த நாற்காலியை அன்றே அதிகாரிகளின் அளவுக்குத்தான் செய்துவைத்திருந்தார்கள்.

அலெக்சாண்டர் அர்பத்நாட்டைப் பாருங்கள். 1842இல் கம்பெனி உத்தியோகஸ்தராகச் சென்னைக்கு வந்தவர். 1855இல் மாகாணத்தின் முதல் பொதுக்கல்வி இயக்குநர். அதே ஆண்டு கல்வி பற்றிய பழைய அரசுக் காகிதங்களைத் தொகுத்து அச்சேற்றினார். 1826இல் அன்றைய ஆளுநர் மன்றோ எழுதிய குறிப்பு அதில் உண்டு: மாகாணத்தில் 12,498 பள்ளிகள். நம் தென்னார்க்காட்டுத் திண்ணைப் பள்ளிகளும் அந்தக் கணக்கில் அடக்கம். இந்தத் தொகுப்புக்காக அவருக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும்.

1857 செப்டம்பரில் சென்னைப் பல்கலைக்கழகச் சட்டம் வந்தது. ஆளுநரே வேந்தர். பாடம் நடத்தாத பல்கலைக்கழகம் அது. பரீட்சை வைக்கும், பட்டம் கொடுக்கும், அவ்வளவுதான். அதன் முதல் பி.ஏ.க்கள் இருவரும் யாழ்ப்பாணத்தார், அவர்களில் ஒருவர் பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த சி.வை.தாமோதரம்பிள்ளை என்பது நமக்குக் கிடைத்த லாபம்.

1871இல் அர்பத்நாட் துணைவேந்தரானார். 1872 பிப்ரவரியில் அந்தமானில் வைஸ்ராய் மேயோ குத்திக் கொல்லப்பட, சென்னை ஆளுநர் நேப்பியர் அந்த இடத்தை நிரப்பக் கல்கத்தா போனார். மே வரை இங்கே தற்காலிக ஆளுநர் அர்பத்நாட். அதாவது வேந்தரும் அவரே! இன்றைய இழுபறிக்கெல்லாம் அன்று இடமே இல்லை.

சிற்றிதழ்க்காரர்கள் மறக்கக் கூடாதது 1878. வைஸ்ராய் லிட்டனின் சபையில் உறுப்பினராக இருந்த அர்பத்நாட், மார்ச் 14 அன்று ஒரே அமர்வில் நிறைவேறிய தாய்மொழிப் பத்திரிகைச் சட்டத்தை வலுவாக ஆதரித்தார். அச்சகக்காரரிடம் ஜாமீன் கேட்கவும் அச்சு இயந்திரத்தைப் பறிமுதல் செய்யவும் வழிசெய்த சட்டம். ஆங்கிலப் பத்திரிகைகளை அது தொடவில்லை. அதே ஆண்டு அவர் கல்கத்தா பல்கலைக்கழகத் துணைவேந்தர். பத்திரிகையின் வாயைக் கட்டியவர் பட்டமளிப்பு மேடையில் ஏறுவதில் யாருக்கும் முரண் தெரியவில்லை. மறு ஆண்டு இறக்குமதித் துணிக்கு லிட்டன் வரிவிலக்கு தர முனைந்தபோது எதிர்த்தவர்களில் இவரும் ஒருவர். முதுகெலும்பு இருந்தது, தாய்மொழிப் பத்திரிகைக்காக நிமிரவில்லை.

விழுப்புரம் பக்கத்து எங்கள் தளவானூரிலிருந்து பார்த்தால் இன்றைய நிலையும் வேடிக்கைதான். 2021இல் விழுப்புரத்துக்கென ஒரு பல்கலைக்கழகச் சட்டம் வந்தது; அதே ஆண்டு அதை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு சேர்க்கும் சட்டமும் வந்தது. ஊரை யாரும் கேட்கவில்லை. எங்கள் பிள்ளைகளுக்கு அரசுக் கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளர்கள் தொகுப்பூதியத்தில் பாடம் நடத்துகிறார்கள். துணைவேந்தரை ஆளுநர் நியமிப்பதா, அரசு நியமிப்பதா என்று வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய்விட்டது. தேடுதல் குழுவில் ஆசிரியர்கள் தேர்ந்தெடுத்த ஒருவரும் மாணவர்கள் தேர்ந்தெடுத்த ஒருவரும் உட்கார வேண்டும் என்று அங்கே இரு தரப்பும் கேட்கவில்லை. நாங்கள் கேட்கிறோம்.