கம்பியின் ஜாதகம்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், ஒரு ரோலிங் மில்லின் லேபில் ஆறு வருஷம் வேலை பார்த்தேன். பழைய இரும்பு உருகி, பில்லெட்டாகி, கம்பியாக நீளும் இடம். ஒவ்வொரு உருக்குக்கும் ஒரு ஹீட் நம்பர் உண்டு. ஒரு சின்னத் துண்டை ஸ்பெக்ட்ரோமீட்டரில் வைத்தால் கார்பன், கந்தகம், பாஸ்பரஸ் எல்லாம் எவ்வளவு என்று திரையில் வந்துவிடும். கம்பியானதும் அதை இழுத்து, அறுவதற்கு முன் எவ்வளவு நீள்கிறது என்று பார்ப்போம். இதெல்லாம் சேர்ந்ததுதான் கம்பியின் ஜாதகம்.

பிறகு திருவள்ளூரில் சொந்தமாக ஒரு வீடு கட்டினேன். கம்பி வந்து இறங்கியதும் டெஸ்ட் சர்டிபிகேட் கேட்டேன். கடைக்காரர் வாட்ஸப்பில் ஒரு போட்டோ அனுப்பினார். ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ். அதிலிருந்த ஹீட் நம்பருக்கும் கட்டில் தொங்கிய டேகுக்கும் சம்பந்தமே இல்லை. பாதிக் கட்டுகளில் டேகே இல்லை.

"ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்குல்ல சார்?" என்றார் கடைக்காரர். மேஸ்திரி சிரித்தார்: "ஜாதகம் பாக்கறதுக்கு கம்பிக்கு இன்னா கல்யாணமா சார்?"

முத்திரை இருந்தது. லைசென்ஸ் நம்பரை பிஐஎஸ் கேர் செயலியில் தட்டினால் மில்லைப் பற்றிச் சொல்லும். என் வீட்டு வாசலில் கிடக்கும் இந்தக் கம்பியைப் பற்றிச் சொல்லாது. ஐ.எஸ். 1786 விதிப்படி 500 ரகம் குறைந்தது 12 சதவீதம் நீள வேண்டும், 500டி ரகம் 16. பாஸ்பரஸ் முதல் வகையில் 0.055 சதவீதம் வரை இருக்கலாம், இரண்டாவதில் 0.040 வரைதான். 12 மி.மீ. கம்பி மீட்டருக்கு 0.888 கிலோ இருக்கிறதா என்று தராசு சொல்லிவிடும். பாஸ்பரஸை எந்தத் தராசும் சொல்லாது.

2014 ஜூன் 28 அன்று மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் செத்தார்கள். எட்டே நாளில் எங்கள் மாவட்டத்து உப்பரபாளையத்தில் குடோன் சுவர் விழுந்து 11 பேர். கம்பிதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. கட்டடத்துக்குள் என்ன இருக்கிறது என்ற கேள்வியை நாம் பிணங்களை எடுத்த பிறகுதான் கேட்கிறோம் என்கிறேன்.

வெளிநாட்டில் எல்லாம் சரியாக நடக்கிறது என்றும் நினைக்க வேண்டாம். 2017இல் லண்டன் கிரென்ஃபெல் குடியிருப்பு எரிந்து 72 பேர் இறந்தார்கள். சுவர்ப் பலகையும் காப்புப் பொருளும் தயாரித்தவர்கள் சோதனைத் தரவுகளைத் திரித்து சந்தையை ஏமாற்றினார்கள் என்று 2024இல் விசாரணை அறிக்கை சொன்னது. விவரம் தயாரிப்பாளர் மேஜைக்குள்ளேயே இருந்தால் வெளியே வருவது விளம்பரம் மட்டும்தான்.

நான் கேட்பது பெரிய விஷயமில்லை. எல்லா மில்லும் ஒரே வரிசையில், ஒரே அலகில், ஒவ்வொரு ஹீட்டின் எண்களையும் பொதுவில் வைக்க வேண்டும். போட்டோவாக அல்ல, தேடக்கூடிய எண்களாக. டேகில் ஒரு கியூஆர் கோடு. கட்டைப் பிரித்து விற்கும் கடைக்காரர் அந்த நம்பரை பில்லில் எழுத வேண்டும். அதிகம் விற்கும் 300 மருந்துகளுக்கு 2023 ஆகஸ்டிலிருந்து இந்தக் கோடு கட்டாயம். மாத்திரைக்கு முடிந்தது கம்பிக்கு ஏன் முடியாது?

"போலி கோடு அடிப்பானுங்க." அடிப்பார்கள்தான். ஆனால் ஒரு ஹீட்டில் 15 டன்தான் வந்தது என்று பொதுவில் இருந்தால், அதே நம்பரில் 40 டன் விற்றவன் கணக்கிலேயே மாட்டிக்கொள்வான்.

"சின்ன மில் தாங்காது." அந்த எண்களை தினமும் கம்ப்யூட்டரில் அடித்தவனே நான்தான். புதிதாகச் செலவு எதுவும் இல்லை. பயம்தான் இருக்கிறது. "நாளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நம்ம பேரு வந்துடுமேப்பா" என்று ஒரு மேலதிகாரி என்னிடமே சொன்னார். வரட்டும் சார், அதுக்குத்தானே கேக்கறோம்.

டேக் இல்லாத கட்டுகளைத் திருப்பி அனுப்பினாயா என்று கேட்பீர்கள். லாரி வாடகை, காத்திருந்த சித்தாள்கள், தலைக்கு மேல் ஐப்பசி மழை. அனுப்பவில்லை. ஆறு வருஷம் லேபில் இருந்த நானே அனுப்பவில்லை. டேக் இருந்த கட்டுகளின் நம்பரை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். என் வீட்டுக் கூரையில் பாதிக்குத்தான் ஜாதகம் இருக்கிறது. மீதிப் பாதிக்குக் கீழேதான் என் மகள் தூங்குகிறாள்.