ஒருவர் தலையில் கட்டிய பழி

ஜப்பானின் சிச்சிபு மலைப்பகுதியில் ஐந்து லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே மனிதர்கள் குடில் போட்டு வாழ்ந்தார்கள் என்று 2000 பிப்ரவரியில் அறிவித்தார்கள். ஒகாசகா என்ற இடத்தில் கம்பு நட்ட குழிகளே கிடைத்துவிட்டனவாம்! ஊர் கொண்டாடியது, ஆதிமனிதன் பெயரில் பண்டங்கள் விற்பனைக்கு வந்தன. அதே ஆண்டு நவம்பர் 5-ஆம் தேதி 'மைனிச்சி' நாளிதழ் வெளியிட்ட படங்கள் எல்லாவற்றையும் கவிழ்த்தன. மியாகி மாகாணத்துக் கமிதகமோரியில், ஆளில்லாத காலை நேரத்தில், இத்தகைய கண்டுபிடிப்புகளுக்குப் பேர்போன ஆய்வாளர் ஃபுஜிமுரா ஷினிச்சி கல்கருவிகளைத் தானே மண்ணுக்குள் புதைத்துக்கொண்டிருந்தார். சிச்சிபு குடிலும் பொய் என்று பின்னர் முடிவானது.

மோசடி செய்தவர் ஒருவர்தான். ஆனால் இருபது ஆண்டுகள் அதற்குத் தலையாட்டியவர்கள் எத்தனை பேர்? பழியை அவர் ஒருவர் தலையில் கட்டிவிட்டுக் கை கழுவும் போக்கை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

பொய் அந்தக் கற்களிலேயே தெரிந்தது. உழவுக் கருவி உரசிய இரும்புத் துருக்கோடு அவற்றின் மீது இருந்தது. மேல்மண்ணின் கறுப்பு ஒட்டியிருந்தது. லட்சம் ஆண்டுகளாக ஆழத்தில் கிடந்த கல்லில் கலப்பைத் துரு எப்படி வரும்? எரிமலையின் கொதிக்கும் வாயுவும் சாம்பலும் பாய்ந்து படிந்த, எந்த உயிரும் தங்கியிருக்க முடியாத அடுக்கிலும் கருவிகள் 'கிடைத்தன'. முப்பது கிலோமீட்டர் இடைவெளியில் இருந்த இரண்டு இடங்களில் எடுத்த துண்டுகள் ஒன்றோடொன்று கச்சிதமாகப் பொருந்தின. அப்போதாவது யாருக்காவது சிரிப்பு வந்திருக்க வேண்டாமா?

சிரிப்பு வந்தவர்களும் இருந்தார்கள். ஓதா ஷிசுவோ, சார்லஸ் கீலி என்ற இரு ஆய்வாளர்கள் 1986-லேயே இந்தச் சான்றுகள் நிற்காது என்று எழுதினார்கள். அவர்களுக்குக் காது கொடுக்க ஆளில்லை. மாறாக, இந்தப் போலிக் கருவிகள் 'கிடைத்த' சசராகி என்ற இடத்தை 1997-இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக்கினார்கள். 2002-இல் அந்தத் தகுதியைப் பறித்தார்கள். 2003-இல் ஜப்பானியத் தொல்லியல் சங்கம் நூற்றறுபதுக்கும் மேற்பட்ட இடங்களின் கண்டுபிடிப்புகள் போலி என்று சொன்னது. பாடநூல்கள் திருத்தப்பட்டன. சங்கம் தன் வீட்டைத் தானே பெருக்கியதைப் பாராட்டலாம். பெருக்க இத்தனை காலம் ஏன் ஆனது என்ற கேள்வியிலிருந்து அது தப்ப முடியாது.

இனியாவது, கல் கிடந்த நிலையும், அதை எடுத்தபின் அடியில் மண்ணில் பதிந்த தடமும் படமாகாத எந்தக் கண்டுபிடிப்பையும் ஏற்கக் கூடாது. பத்திரிகையாளர்களை அழைக்கும் முன், மறுப்பாளர்களைக் குழிக்குள் அழையுங்கள். இந்தக் கண்டுபிடிப்புகளை உண்மையென்று சொல்லி 2000-க்கு முன் அச்சான நூல்கள் இருக்கும் நூலகங்கள் அவற்றில் திருத்தச் சீட்டு ஒட்டட்டும். 1986-இல் வந்த அந்த எச்சரிக்கைக் கட்டுரையைத் தொல்லியல் மாணவர்களுக்குக் கட்டாயப் பாடமாக வையுங்கள்.