குறட்டை விடுறியான்னு யாரும் கேட்கலை

மணி மூணு. மறுபடியும் முழிப்பு. தொண்டை காஞ்சு கிடக்கு, நெஞ்சு படபடங்குது. இனி எங்கே தூங்க? ஆறு மணிக்கு டிபன் கட்டணும், பஸ் பிடிக்கணும். மத்தியானம் ஆபீஸ்ல கண்ணு சொருகும். "ராத்திரி பூரா போனா?"ன்னு பக்கத்து சீட் அக்கா கேட்பாங்க. போனை ஹால்ல வச்சுட்டுத்தானே படுக்குறேன்!

எனக்கு நீர்க்கட்டி. பிசிஓஎஸ். 11 வருஷமா டாக்டர் மாத்தி டாக்டர். பீரியட்ஸ் எப்போ, வெயிட் எவ்வளவு, குழந்தை எப்போ? இதைத் தாண்டி ஒரு கேள்வி வந்ததில்லை. தூக்கமே சரியில்லைன்னு நானாச் சொன்னாலும், "வெயிட்டைக் குறைம்மா, தானா சரியாகும்." ராத்திரி தூங்காத உடம்பை இழுத்துக்கிட்டு எப்படிங்க விடிகாலையில வாக்கிங் போறது? தூக்கம் கெட்டா பசி ஏறும், இன்சுலின் ஒழுங்கா வேலை செய்யாது. ஏற்கெனவே இன்சுலினோட மல்லுக்கட்டுற உடம்பு இது.

பிசிஓஎஸ்ஸுக்கு 2023ல சர்வதேச வழிகாட்டி ஒண்ணு வந்துச்சு. எங்களுக்கு ஸ்லீப் ஆப்னியா, அதாவது தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வர்ற கோளாறு, அதிகம்னு அதுல இருக்கு. ஒல்லியா இருந்தாலும் சரி, குண்டா இருந்தாலும் சரி. குறட்டை இருக்கா, எழுந்ததும் அசதியா, பகல்ல தூக்கம் சொக்குதான்னு கேளுங்க, இருந்தா மேற்கொண்டு பாருங்கன்னு டாக்டர்களுக்கே சொல்லியிருக்கு. இதைக் கேட்க ஒரு நிமிஷம் ஆகுமா?

ஸ்லீப் ஆப்னியா இருக்கான்னு பார்க்க ஸ்டாப்-பேங்னு எட்டுக் கேள்வி வச்சிருக்காங்க. அதுல ஆம்பளையா இருந்தாலே ஒரு மார்க். குறட்டைன்னாலே ஆம்பளை சமாச்சாரம்தானா?

வீட்டுலயும் அப்படித்தானே. தங்கச்சி கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி மண்டபத்துல ஜமுக்காளம் விரிச்சு எல்லாரும் படுத்திருந்தோம். அம்மா தோளைப் பிடிச்சு உலுக்குனாங்க. "ஏய், திரும்பிப் படுடி. மாப்பிள்ளை வீட்டு ஆளுங்க இருக்காங்க." அப்புறம் விடியுற வரைக்கும் சுவத்துல சாஞ்சு உட்கார்ந்திருந்தேன். மூச்சு அடைக்குதான்னு அம்மா கேட்கலை. எனக்கும் அப்போ அது நோயின்னு தெரியாது, மானம் போகுதுன்னுதான் தெரிஞ்சுது.

போன வாரம் வீட்டுக்காரர்கிட்டச் சொல்லி, நான் தூங்குறப்போ போன்ல பதிவு பண்ண வச்சேன். குறட்டை, திடீர்னு நிசப்தம், அப்புறம் தண்ணிக்குள்ள இருந்து மேல வந்த மாதிரி ஒரு திணறல். திரும்பத் திரும்ப. கேட்டதும் கை நடுங்கிடுச்சு.

வியாழக்கிழமை டாக்டர்கிட்டப் போறேன். வெயிட் மெஷின்ல ஏறச் சொல்றதுக்கு முன்னாடி, அந்தப் பதிவைப் போட்டுக் காட்டி, ஸ்லீப் ஸ்டடிக்கு எழுதிக் கொடுங்கன்னு கேட்கப்போறேன்.