தேவைக்கு ஒரு ரிசீவர்



என்னிடம் படிக்கும் பிள்ளையொன்றின் வாப்பா, ஒன்பது செனல் ஹோம் தியேட்டர் ரிசீவருக்குக் கடன் எடுக்கலாமா என்று கேட்டு வந்தார். "ஹோல் எத்தனை அடி?" என்றேன். "பன்னிரண்டுக்குப் பத்து" என்றார்.

அந்த அறைக்கு 5.1 தாராளம். ஐந்து ஸ்பீக்கர், அடித்தொனிக்கு ஒரு சப்வூபர். படங்களில் பேச்சு பெரும்பாலும் நடு ஸ்பீக்கரில்தான் வரும். மிச்சப் பணத்தை அதில் போடுங்கள்.

வோட் கணக்கில் மயங்க வேண்டாம். 50 வோட் 100 ஆனாலும் கூடுவது 3 டெசிபல்தான். 'இரு செனல், 8 ஓம், 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ்' என்ற நிபந்தனையோடு எழுதிய எண்ணையே ஒப்பிடுங்கள்.

பின்புறத்தில் எச்.டி.எம்.ஐ. துளைகளை எண்ணுங்கள். வீட்டுச் சாதனங்களை விட ஒன்று கூடுதலாக இருந்தால் போதும். ஏ.ஆர்.சி. வசதி அவசியம். டீவியிலும் அது இருந்தால், படம் போகும் அதே வயரில் டீவியின் சத்தமும் திரும்பி வரும்.

வெளிநாட்டிலிருந்து வரும் பெட்டியா? பின்புறம் வோல்டைப் பாருங்கள். நமக்கு 230. அமெரிக்காவின் 120, ஜப்பானின் 100 வோல்ட் பெட்டியை நேரே சொருகினால் பழுதாகிவிடும்.

அவர் கைக்காசுக்கே 5.1 வாங்கினார். கடனில்லாத வீட்டில் சத்தம் இனிமையாகவே கேட்கும்.